மூன்று முறை மகுடஞ் சூடிய மீர் சுல்தான் கான்

விளையாட்டுக்களுள்ளே அரச விளையாட்டு எனப் பெயர் பெற்றது சதுரங்கம். அது பாரத பூமியிலே பிறந்தது என்பதை மேனாட்டு அறிஞரும் பெரும்பாலும் ஒப்புவர். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைச் சேனையையும் உட்கொண்டமையாலேயே அதற்கு அப்பெயர் வழங்கலாயிற்று. சோழ நாட்டிலே திருப்பூவனூரில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். அரசகுமாரியாய் வளர்ந்த அம்பிகையை இறைவன் சதுரங்க ஆட்டத்திலே வென்று மணம் புரிந்தான் என்பது அத்தல வரலாறு. அப்பர் சுவாமிகள் பாடிய தலம் அது.

இங்ஙனம் நம்மவரிடையே தோன்றிய ஆட்டம் பாரசீகஞ் சென்று, அராபியரின் கைப்பட்டு, அவர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அங்கே 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் விதிகள் பல மாறின. மாறிய கோலத்தோடு அது ஆங்கிலேயரின் கப்பலேறி மீண்டும் நம் கரைக்கு வந்தது. மிஷன் பாடசாலையிலே பயின்ற நாம், மேற்றிராணியார் அணியும் தொப்பியைத் தலையிலே தாங்கிய ஒரு காயைப் பலகையிற் கண்டு, இது முழுவதும் மேனாட்டார் தந்த சொத்து என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். நம் சங்கத்து இளைஞருட் பலர் இன்றும் அங்ஙனமே எண்ணுவர் போலும்.

ஆட்டத்தை நம்மிடமிருந்து பெற்றவர்களின் நாட்டுக்கே சென்று, அவர்களுடைய விதிப்படியே ஆடி, அவர்களுடைய தேசிய மகுடத்தை மூன்று முறை சூடிய ஒருவரின் சரிதத்தை இவ்வாண்டு மலரிலே கூற விழைகின்றோம். அவர் பெயர் மீர் சுல்தான் கான். அவர் இஸ்லாமிய சமயத்தவர். இந்து வாலிபரின் மலரிலே அவர் சரிதம் எதற்கு என வினவுவார் உளராயின், திறமை எங்கே பிறப்பினும் அதனைப் போற்றுதல் நம் மரபே என்பதன்றி வேறு விடை எமக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த மகுடத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பிரித்தானியாவில் முறையான தேசிய சதுரங்கப் பட்டத்துக்கு 1866ஆம் ஆண்டு போட்டி தொடங்கியது. முதலில் வென்றவர் செசில் டி வேர் என்னும் இளைஞர். பின்னர் அப்போட்டி ஒழுங்காக நடைபெறாது இடையிடையே தளர்ந்தது. 1904இல் பிரித்தானிய சதுரங்க சம்மேளனம் நிறுவப்பட்ட பின்னரே ஆண்டுதோறும் ஒரு நகரத்திலே கூடி ஆடும் வழக்கம் நிலைபெற்றது. அவ்வாண்டு ஹேஸ்டிங்ஸ் நகரிலே நேப்பியர் என்பவரும் அட்கின்ஸ் என்பவரும் சமமாக நிற்க, மீண்டும் ஆடி நேப்பியர் வென்றார். ஆனால் அடுத்த ஆண்டு தொடக்கம் 1911 வரை ஏழாண்டுகள் இடைவிடாது பட்டம் அட்கின்சையே சார்ந்திருந்தது. இத்துணை வல்லமை படைத்த அவர் தொழிலால் ஒரு பாடசாலை ஆசிரியர். விடுமுறைக் காலத்தில் வந்து ஆடி, பட்டத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் வகுப்பறைக்குப் போய்விடுவார். 1924இலும் 1925இலும் திரும்பி வந்து மேலும் இருமுறை வென்றார். அவருக்குப் பின் அரங்கில் மேலோங்கியவர் யேட்ஸ். அவர் ஆறு முறை வென்றவர்.

இப்போட்டியிலே ஒரு விதி இருந்தது. இங்கிலாந்திலே பிறந்தவர் மாத்திரமன்றிப் பேரரசின் பிரசைகள் யாவரும் இதிற் பங்குபற்றலாம். அந்த விதியை வகுத்தோர், பஞ்சாப் கிராமத்தவர் ஒருவர் அவ்வாசல் வழியே நுழைந்து வந்து மகுடத்தை எடுத்துச் செல்வார் என்று கனவிலும் கருதியிரார்.

இன்று பாகிஸ்தானுக்குட்பட்ட குஷாப் பகுதியிலே மிட்டா டிவானா என்பது ஓர் ஊர். அவ்வூரிலே 1903 அளவிற் சுல்தான் கான் பிறந்தார். பல நூல்கள் 1905 என்று கூறும். தந்தையார் நிஜாமுதீன் சதுரங்கத்தில் நாட்டமுடையவர். மகனுக்கு ஒன்பதாம் வயதிலே ஆட்டத்தைக் கற்பித்தார். அக்காலத்துப் பஞ்சாப் கிராமங்களில் ஆடப்பெற்றது இந்திய முறைச் சதுரங்கம். ஐரோப்பிய முறைக்கும் அதற்கும் உள்ள வேற்றுமையை அறிந்தாலன்றி இச்சரிதத்தின் அருமை புலப்படாது.

ஐரோப்பிய முறையில் காலாள் தன் முதல் நகர்விலே இரண்டு கட்டம் பாயலாம். இந்திய முறையிலோ ஒரு கட்டந்தான். ஐரோப்பிய முறையில் அரசனையும் கோட்டையையும் ஒரே நகர்விலே இடமாற்றி அரசனுக்குக் காவல் தேடலாம். இந்திய முறையில் அதற்குப் பதிலாக அரசன் ஒரேயொரு முறை குதிரையைப் போலத் துள்ளிச் செல்லலாம். எதிர்க்கரை சேர்ந்த காலாள் ஐரோப்பாவிலே பெரும்பாலும் அரசியாக மாறும். இந்தியாவிலோ அது எந்த வரிசையிற் சென்று சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகவே மாறும். இவை சிறு வேற்றுமைகளாகத் தோன்றலாம். ஆனால் இவற்றின் விளைவு பெரிது. ஐரோப்பிய முறையில் முதற் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளுக்குள்ளேயே படைகள் மோதிவிடும். ஆகையால் ஆரம்ப நகர்வுகளைப் பற்றி அங்கே நூற்றாண்டுக் கணக்காக நூல்கள் எழுதப்பட்டு, வல்லுநர் யாவரும் அவற்றை மனனஞ் செய்திருந்தனர். இந்திய முறையில் ஆட்டம் மெல்ல மெல்ல வளர்வது. பொறுமையோடு அணிவகுத்து, காலம் பார்த்துத் தாக்குவது. அந்தப் பொறுமையிலே வளர்ந்தவர் சுல்தான் கான். இருபத்தொரு வயதளவில் பஞ்சாபிலே அவருக்கு நிகரில்லை என்னும் பெயர் பரவியது.

அப்பெயர் சர் உமர் ஹயாத் கான் டிவானா என்னும் பெருநிலக்கிழாரின் செவிக்கு எட்டியது. அவர் பஞ்சாபிலே செல்வாக்கு மிக்கவர். படையிலே உயர் பதவி வகித்தவர். ஆங்கில அரசின் விசுவாசமுள்ள நண்பர். சதுரங்கப் பிரியர். அவர் சுல்தான் கானைத் தம்மிடம் அழைத்து ஆதரித்து, ஐரோப்பிய முறை ஆட்டத்தைப் பழகச் செய்தார். 1928இல் நடந்த அகில இந்தியப் போட்டியிலே சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்று ஒன்றைச் சமன் செய்து முதலிடம் பெற்றார். ஐரோப்பிய முறையைப் பழகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு சர் உமர் இந்திய மந்திரியின் ஆலோசனைச் சபையில் உறுப்பினராகி இலண்டன் சென்றபோது சுல்தான் கானையும் உடன்கொண்டு சென்றார். 1929இன் வசந்த காலத்தில் அங்கே சென்று சேர்ந்தவருக்குப் பயிற்சி தருவதற்காக ஒரு சிறு போட்டி நடத்தப்பட்டது. அதிலே அவர் கடைசி இடத்தை வேறொருவரோடு பகிர்ந்துகொண்டார். ஆரம்ப நகர்வுகளின் கல்வி அவருக்கு இல்லை. அக்கல்வியைத் தரும் நூல்களோ அவர் அறியாத மொழிகளில் இருந்தன. பார்த்தவர்கள் என்ன எண்ணியிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்நிலையில் அவருக்குக் கை கொடுத்தவர் இருவர். ஒருவர் யேட்ஸ், அப்போது பட்டத்தைத் தாங்கியிருந்தவர். தம் பட்டத்துக்குப் போட்டியிட வந்தவருக்குத் தாமே பாடஞ் சொல்லிக் கொடுத்த பெருந்தன்மை அவருடையது. மற்றவர் வின்டர் என்பவர். இவர் பொதுவுடைமைக் கொள்கையினர். அரச விரோதமாகப் பேசினார் எனக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறையிருந்து மீண்டவர். பேரரசின் தூண்களுள் ஒருவராகிய சர் உமரின் ஆதரவில் வந்தவருக்கு, அப்பேரரசையே வெறுத்த வின்டர் ஆசிரியராக அமைந்தமை எமக்கு வேடிக்கையாகவே தோன்றுகின்றது.

1929ஆம் ஆண்டுக் கோடையில் றாம்ஸ்கேட் என்னும் கடற்கரை நகரிலே பிரித்தானியப் பட்டப் போட்டி கூடியது. சில திங்களுக்கு முன் கடைசி இடம் பெற்றவர் அதிலே முதலிடம் பெற்றார். பேரரசு முழுவதற்கும் உரிய பட்டம் இந்தியர் ஒருவரின் கைக்கு வந்தது. அது தற்செயல் என்று கூறியவர்களும் இருந்திருப்பர். சுல்தான் கான் அவ்வாண்டின் இறுதியிலே தாயகம் திரும்பி, 1930 மே மாதத்திலே மீண்டும் ஐரோப்பா சென்றபோது அப்பேச்சுக்கு இடமில்லாது போயிற்று.

அதன் பின் வந்த மூன்றரை ஆண்டுகளை நினைக்கும்போது வியப்பே மேலிடுகின்றது. பெல்ஜியத்திலே லீஜ் நகரில் 1930இல் நடந்த போட்டியில் டார்டகோவர் என்னும் பெரு வல்லுநருக்கு அடுத்த இடம் அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டு ஹாம்பேர்க்கிலே பல நாட்டு அணிகளும் கலந்துகொண்ட ஒலிம்பியாட் போட்டியில் இங்கிலாந்து அணிக்குத் தலைப் பலகையில் அமர்ந்தவர் அவரே. ஆங்கிலம் அதிகம் அறியாத ஒருவர் இங்கிலாந்தின் முதல் ஆட்டக்காரராய் உலகின் முன் வீற்றிருந்தார்!

ஹேஸ்டிங்சில் 1930-31இல் நிகழ்ந்ததை விரித்துச் சொல்லாமல் விடுதல் நியாயமன்று. கியூபா நாட்டவராகிய கப்பாபிளாங்கா அங்கே ஆட வந்திருந்தார். அவர் 1921 முதல் 1927 வரை உலக வெற்றியாளர். 1916 தொடக்கம் 1924 வரை எட்டாண்டுகள் ஓர் ஆட்டத்திலும் தோல்வியுறாதவர். சதுரங்க இயந்திரம் என்றே அவரைச் சொல்வார்கள். சுல்தான் கான் வெள்ளைக் காய்களோடு அவரை எதிர்த்தார். ஐந்தாம் நகர்விலே அவர் செய்தது, பலகையின் ஓரத்திலிருந்த ஒரு காலாளை ஒரே ஒரு கட்டம் நகர்த்தியது. அக்காலத்து நூல்களைப் படித்தவருக்கு அது காலத்தை வீணாக்குவதாகத் தோன்றும். பிற்காலத்திலோ அந்தச் சிறு நகர்வே அவ்வகை ஆரம்பத்தில் உலக வல்லுநர் விரும்பிக் கையாளும் முறைகளுள் ஒன்றாயிற்று. எதிரியின் மந்திரியோ குதிரையோ வந்து ஊன்றவேண்டிய இடத்தை முன்னரே அடைத்துவிடுவதே அதன் கருத்து. ஒரு கட்டம் ஒரு கட்டமாகக் காலாளை நகர்த்தி வளர்ந்த கிராமத்துப் பழக்கந்தான் அந்தக் கையை நடத்தியதோ என்று நாம் எண்ணுவதுண்டு. ஆட்டம் நீண்டது. மின்னல் போன்ற தாக்குதல் எதுவும் இல்லை. கப்பாபிளாங்காவின் காய்களுக்கு மூச்சுவிடும் இடம் சிறுகச் சிறுகக் குறைந்தது. 65ஆம் நகர்விலே அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்போட்டியிலே கப்பாபிளாங்கா கண்ட தோல்வி அது ஒன்றே. ஹாலந்து நாட்டு ஆயிவே முதலிடமும், கப்பாபிளாங்கா இரண்டாமிடமும், சுல்தான் கான் மூன்றாமிடமும் பெற்றனர். இத்தகைய நிலைமைகளிலே இவர் சம்பியனானது மேதைமையைக் காட்டுகின்றது என்று கப்பாபிளாங்காவே பின்னர் எழுதினார். தோற்கடிக்கப்பட்டவர் கூறும் புகழ்ச்சிக்கு விலை அதிகம்.

1931இல் டார்டகோவரோடு பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட தனிப் போட்டி. நான்கை வென்று, மூன்றை இழந்து, ஐந்தைச் சமன் செய்து சுல்தான் கான் வெற்றிவாகை சூடினார். அவ்வாண்டு பிராக் நகரத்து ஒலிம்பியாட்டிலே 17 ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஏழு சமன், இரண்டே தோல்வி. புளோர், றூபின்ஸ்ரைன் ஆகிய இருவரும் அவருக்குத் தோற்றனர். அப்போதைய உலக வெற்றியாளர் அலெக்கைன் சமன் செய்துகொண்டார். அவ்வாண்டு பிரித்தானியப் பட்டம் மட்டும் வேர்திங் நகரிலே யேட்சிடம் போயிற்று. அதுவே யேட்சின் ஆறாவது வெற்றி. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் தம் இலண்டன் அறையிலே வாயுக் குழாய் கசிந்து உறக்கத்திலேயே உயிர் நீத்தார். நல்லாசிரியர் ஒருவருக்கு நேர்ந்த இம்முடிவை நினைக்க மனம் வருந்துகின்றது.

1932இல் இலண்டனிலும் 1933இல் ஹேஸ்டிங்சிலும் பிரித்தானியப் பட்டம் மீண்டும் சுல்தான் கானையே சேர்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று மகுடங்கள். இடையிலே புளோரோடு 1932இல் ஆடிய தனிப் போட்டியிலே ஓர் ஆட்ட வித்தியாசத்திலே தோற்றார். உலக வெற்றியாளரின் ஆசனத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த முதற் பத்துப் பேருள் அவர் ஒருவர் என்பதில் அக்காலத்தார்க்கு ஐயமில்லை.

ஆயினும் இவ்வெற்றிகளை அவர் எத்தகைய உடல்நிலையோடு பெற்றார் என்பதையும் அறிதல் வேண்டும். மலேரியாக் காய்ச்சல் அவரை விட்டபாடில்லை. இங்கிலாந்தின் குளிரும் ஈரமும் அவருக்கு ஒவ்வவில்லை. சளியும் தொண்டை நோயும் மாறி மாறி வருத்தின. கழுத்திலே துணி சுற்றிக்கொண்டே பல ஆட்டங்களில் அமர்ந்தார். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. போட்டி மண்டபத்தில் எல்லாருஞ் சிரித்துப் பேசும் வேளையில் அவர் தனியே இருந்தார். மாரிகாலத்திலே வெயிலுக்கு ஏங்கும் மனம் நம் நாட்டிலிருந்து குளிர் தேசஞ் சென்ற எந்த இளைஞரைக் கேட்டாலுந் தெரியும்.

இனிக் கூறப்போவதே இச்சரிதத்தின் முள். ஒருபுறம் அவர் பேரரசின் சம்பியன். மறுபுறம் அவர் சர் உமரின் வீட்டைச் சேர்ந்தவர். எங்கே ஆடுவது, எப்போது செல்வது, எப்போது திரும்புவது என்பனவெல்லாம் அவருடைய கையில் இல்லை. மேனாட்டு நூல்கள் பெரும்பாலும் அவரை எழுத்தறியாத வேலைக்காரர் என்றே எழுதிவந்தன. அமெரிக்க வல்லுநர் பைன் என்பவர் எழுதிய ஒரு சம்பவம் அடிக்கடி எடுத்துக் கூறப்படுவது. 1933இல் போக்ஸ்டனிலே நடந்த ஒலிம்பியாட்டை வென்ற அமெரிக்க அணியினரைச் சர் உமர் தம் இலண்டன் மாளிகைக்கு விருந்துக்கு அழைத்தாராம். சென்று அமர்ந்தபோது தங்களுக்கு உணவு பரிமாறி நின்றவர் சுல்தான் கானே எனக் கண்டு அவர்கள் கூசினராம். மேசையிலே சமமாக உட்காரவேண்டியவர் மேசையைச் சுற்றி நின்றார் என்பதே அக்கதையின் சாரம்.

இது பல ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதப்பட்டது. சுல்தான் கானின் குடும்பத்தார் இச்சித்திரத்தை வன்மையாக மறுக்கின்றனர். அவர் சமய மதிப்பும் நிலமும் உடைய குடும்பத்தவர் என்றும், எழுத்தறிவுடையவர் என்றும், ஆங்கிலம் அறியாமையைக் கல்லாமை என மேனாட்டார் மயங்கினர் என்றும் அவருடைய பேத்தியார் எழுதியுள்ளார். நமக்கு இதிலே பின்னையதே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. ஆங்கிலம் பேசாதவரை அறிவிலி என்று கணக்கெழுதும் வழக்கத்தை நம் நாட்டிலே நாம் காணாதவரல்லேம். நாமே ஆங்கிலப் பள்ளியிற் படித்தமையால் இதை இன்னும் நன்றாக அறிவோம். ஊரிலே ஏடு பார்த்துப் பஞ்சாங்கங் கணிக்கும் பெரியவர் ஒரு விண்ணப்பப் பத்திரத்தின் முன் கைந்நாட்டுக்காரராய் நிற்பதைக் காணாதவர் யார்?

சர் உமருக்கும் நீதி செய்தல் வேண்டும். அவர் இல்லையேல் சுல்தான் கான் ஐரோப்பிய முறையைப் பழகியிருக்கமாட்டார். கடல் கடந்திருக்கமாட்டார். கப்பாபிளாங்காவின் முன் அமர்ந்திருக்கமாட்டார். செலவு முழுவதும் அவருடையது. ஆனால் வளர்த்தவரே விளக்கை எடுத்து உள்ளே வைக்கும் உரிமையையும் வைத்திருந்தார். 1931இன் பிற்பகுதியிலே காந்தியடிகள் வட்டமேசை மகாநாட்டுக்காக இலண்டன் வந்து, ஒரு நாடு தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையைக் கேட்டார். அதே ஆண்டிலே பேரரசின் தலைசிறந்த வல்லுநரோ அடுத்த போட்டிக்குச் செல்லலாமா என்பதற்கு இன்னொருவர் முகம் பார்த்திருந்தார். இரண்டையும் ஒருங்கே எண்ணாமல் இருக்க எம்மால் முடியவில்லை.

அவ்வீட்டிலிருந்தே வந்த இன்னொருவரையும் இங்கே மறத்தல் தகாது. பாத்திமா என்னும் இளம் பெண் சர் உமரின் இலண்டன் வீட்டிலே வாழ்ந்தவர். அவரும் அங்கே சதுரங்கம் பழகினார். 1933இல் ஹேஸ்டிங்சிலே சுல்தான் கான் மூன்றாம் முறை பட்டம் பெற்ற அதே கூட்டத்திலே, பெண்களுக்குரிய பிரித்தானியப் பட்டத்தைப் பாத்திமா வென்றார். அடுத்து நின்றவரை மூன்று புள்ளிகளாற் பின்தள்ளிய வெற்றி அது. ஆண்களின் பட்டமும் பெண்களின் பட்டமும் ஒரே ஆண்டில் ஒரே வீட்டுக்கு, அதுவும் பஞ்சாபிலிருந்து வந்த இருவருக்குக் கிடைத்தன. சுல்தான் கானைப் பற்றி நூல்கள் எழுந்தன. பாத்திமாவைப் பற்றி எழுதப்பட்டது சில பக்கங்களே. நம் சங்கத்து மகளிர் பகுதியினர் அவர் பெயரையேனும் நினைவிற் கொள்வார்களாக.

1933 டிசம்பரிலே சர் உமர் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். 1935இல் காதில்கர் என்னும் இந்திய வல்லுநரோடு பத்து ஆட்டங்கள் ஆடி ஒன்பதை வென்று ஒன்றைச் சமன் செய்தார். அதன்பின் பெரும் போட்டி அரங்குகள் அவரைக் காணவில்லை. அப்போது அவருக்கு முப்பது வயதளவே. சதுரங்க வல்லுநரின் அறிவு முதிர்ந்து கனியும் பருவம் அது. தாயகம் திரும்பியதும் அவர் சிறையினின்று விடுபட்டவர் போல மகிழ்ந்தார் என்று பாத்திமா பிற்காலத்திற் கூறியதாக எழுதியுள்ளனர். அக்குளிரும் நோயும் தனிமையும் அவரை எத்துணை வாட்டியிருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உலகம் ஒரு மேதையை இழந்தது என்று நாம் வருந்துகின்றோம். அவரோ வெயிலைத் திரும்பப் பெற்றார்.

1944இல் சர் உமர் காலமானார். மூன்று ஆண்டுகளிற் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. சுல்தான் கானின் ஊர் பாகிஸ்தானிலே சேர்ந்தது. அவர் சர்கோதாப் பக்கத்திலே நிலமும் பயிரும் பார்த்துக்கொண்டு, மனைவி மக்களோடு அமைதியாக வாழ்ந்தார். தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்க அவர் முன்வரவில்லையாம். வாழ்க்கைக்கு இதனினும் பயனுள்ளதைச் செய்யுங்கள் என்னுங் கருத்தை அவர்களுக்குச் சொன்னாரென்று அவருடைய புதல்வர் ஒருவர் தெரிவித்துள்ளார். உலக வெற்றியாளரை வென்றவரின் வாயிலிருந்து வந்த சொல் அது. அது கசப்போ, தெளிவோ, எம்மால் தீர்மானிக்க இயலவில்லை. ஆட்டத்தில் அவருக்கு வெறுப்பு இருந்திருக்கும் என நாம் கருதவில்லை. ஆட்டத்தை வைத்துப் பிறர் செய்த காரியங்களே அவரைக் களைப்படையச் செய்திருக்கலாம்.

1950இல் சர்வதேச சதுரங்க சம்மேளனம் முதன்முறையாகக் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை வகுத்து 27 பேருக்கு வழங்கியது. அப்போது ஆடிக்கொண்டிருந்தவர் மட்டுமல்லர், ஆட்டத்தை எப்போதோ விட்டவர்களும் பழைய பெருமை கருதி அப்பட்டியலிலே சேர்க்கப்பட்டனர். 1930களின் தொடக்கத்தோடு அரங்கை விட்டொழிந்த றூபின்ஸ்ரைனுக்கு அப்பட்டம் கிடைத்தது. டார்டகோவருக்குக் கிடைத்தது. புளோருக்குக் கிடைத்தது. இவர்களுள் றூபின்ஸ்ரைனையும் புளோரையும் பிராக்கிலே வென்றவரும், டார்டகோவரைத் தனிப் போட்டியிலே வென்றவருமாகிய சுல்தான் கானின் பெயர் பட்டியலில் இல்லை. அவர் அப்போது உயிரோடிருந்தார். 46 அல்லது 47 வயது. சர்கோதாவுக்குத் தபால் போகாத காலமுமன்று. மகுடஞ் சூடியபோது அவரைப் பேரரசின் பிரசை என்று சேர்த்துக்கொண்டவர்கள், பட்டங் கொடுக்கும்போது அவர் எந்த நாட்டவர் என்று கூட நினைத்துப் பார்த்தாரில்லை.

1966 ஏப்ரல் 25ஆம் திகதி சர்கோதாவிலே மீர் சுல்தான் கான் காலமானார். காச நோயே காரணம் என்பர்.

அவர் திறந்த வாசல் வழியே பின்னும் சிலர் சென்றனர் என்பதைத் தமிழராகிய நாம் தெரிந்திருத்தல் நலம். 2002இல் டோர்கீ நகரிலே நடந்த பிரித்தானியப் போட்டியிலே பட்டம் பெற்றவர் சென்னையைச் சேர்ந்த ஆர். பி. ரமேஷ். பிரக்ஞானந்தா முதலிய இளைஞரைப் பயிற்றுவித்த ஆசிரியரும் அவரே. மறு ஆண்டிலே அபிஜித் குந்தே என்னும் மற்றோர் இந்தியர் அதே பட்டத்தை வென்றார். அதன்பின் பொதுநலவாய நாட்டவர் அப்பட்டத்துக்குப் போட்டியிடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. வாசல் எப்போது திறந்திருக்கும், எப்போது சாத்தப்படும் என்பதை நம் வாசகர்களே ஊகிப்பார்கள்.

2024 பெப்ரவரியிலே சர்வதேச சதுரங்க சம்மேளனம் மீர் சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அளித்தது. அச்சம்மேளனத் தலைவரே பாகிஸ்தானுக்கு வந்து அதனை அறிவித்தார். அன்னார் மறைந்து அப்போது 57 ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் ஆகியிருந்தன.